நண்டின் பெயர்

இன்றைக்குக் கொடகவெல சந்தையில் ஒருவன் "ககுளுவோ, ககுளுவோ" என்று சிங்களத்தில் கூவி நண்டு விற்றான். காலைக் கட்டிப் போட்டும் அவை சும்மா கிடக்கவில்லை. உன் நினைவு வந்துவிட்டது. மரக்கறி வாங்கப் போனவள் வெறும் பையோடு பஸ் ஏறிவிட்டேன்.

இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து நீ மார்பில் கட்டியோடு திரும்பினாய். நம் தோட்டத்து லய வீடுகளில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் சொன்னவர் வீட்டுக்கும் வந்துவிடுமாம். "மகரகமவுக்குப் போறாங்க" என்று ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லிக் குரலை இறக்கிக்கொள்வார்கள். உனக்கு வந்த கோபம்!

"இத்தாலிக்காரங்களும் இப்படித்தான்டி. அந்தக் கெழவிக்கு வந்தப்போ 'அசிங்கமான நோய்'னுதான் வீட்டுல சொன்னாங்க."

மகரகம பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் தேடித் தேடி எனக்கு வாசித்தாய். கட்டியையும் அதைச் சுற்றிப் புடைத்த நரம்புகளையும் பார்த்த பழைய கிரேக்க வைத்தியர்களுக்கு நண்டும் அதன் கால்களுமாகத் தெரிந்ததாம். அந்தப் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். லத்தீனில் கான்சர் என்றாலும் நண்டுதான். ஜெர்மன்காரர்கள் கிரெப்ஸ் என்கிறார்கள். நண்டுக்கும் நோய்க்கும் அதே சொல்.

"நம்ம ஆளுங்களுக்கு மட்டும் புத்து தெரிஞ்சிருக்கு. பாலை ஊத்திக் கும்பிட்டுட்டாப் போச்சு!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்திச் சொன்னாய்: "பேரைச் சொல்லாம இதோட எப்படிடி சண்ட போடுறது?"

உன் கருமாதியிலும் நோயை 'அந்த வருத்தம்' என்றே பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது என் மார்பிலும் ஒன்று. நாளைக்குச் சோதனை. கூட்டிய வாசலையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறேன், அடுப்பில் என்ன வைத்தேன் என்று மறந்துபோகிறது. யாராவது கேட்டால் கொழும்பில் கல்யாணம் என்று சொல்லும்படி மாமி சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"நாளைக்கு எங்கயோ பயணமாம்?"

"மாருல கட்டி இருக்குக்கா. புத்துநோயான்னு பார்க்கப் போறேன்."

சொல்லிவிட்டேன். அக்காவின் குடம் நிரம்பி வழிந்தது, அவர் அதை எடுக்கவில்லை.

"எனக்கும் ஒன்னு இருக்கு," என்றார். "யாருகிட்டயும் சொல்லல. நானும் கூட வரட்டா?"

முதல் பஸ்ஸில் போகிறோம். பயமாகத்தான் இருக்கிறது. உன் ஜன்னலோரத்தில் அக்காவை உட்காரவைத்து நண்டுக் கதையைச் சொல்லப்போகிறேன், யார் திரும்பிப் பார்த்தாலும் சரி.