பொட்டு வைத்த அச்சு

அண்ணை,

இன்று ஆயுத பூசை. சந்தனம் குழைத்த விரலோடு உங்களுடைய முறுக்கு அச்சைக் கையில் எடுத்தேன். எத்தனை தரம் கழுவியும் பித்தளையில் அந்தப் பழைய எண்ணெய் மணம் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உங்களில்தான்.

இங்கே, நான் வேலை செய்த உங்கள் முறுக்குத் தொழிற்சாலைக்கு அந்த அச்சுகள் வந்த வருசம்தான் என் பேத்தி பிறந்தாள். மெஷினின் வாயில் பூட்டுகிற கனத்த தட்டுகள். பெரிய தொகை என்பதால், வாங்கும்போது கட்டிய வற் என்கிற விற்பனை வரியை அரசாங்கத்திடம் திருப்பிக் கேட்டீர்கள். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு, பை, லேபல் என்று முடிந்துபோகிற பொருளின் வரி திரும்பி வராது. மெஷின் போல நிலைத்து நிற்கிற மூலதனப் பொருளின் வரி வரும். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கே இது விளங்கியது.

வரிப் பகுதியிலிருந்து ஒரு பெண் பார்க்க வந்தது ஆயுத பூசைக்கு அடுத்த நாள்.

"பொட்டெல்லாத்தையும் துடைச்சு விடு பிள்ளை. ஊத்தை எண்டு நினைப்பாள்" என்றீர்கள்.

துடைத்தேன். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேயுமா என்று கேட்டாள். ஓம், தேயும்தான் என்று தலையாட்டினீர்கள்!

"எது அண்ணை தேயாது? மெஷின் தேயாதோ? என்ரை முழங்கால் தேயேல்லையோ? மாவுக்குப் பொட்டு வைக்கிறமோ, பைக்கு வைக்கிறமோ? நிண்டு வேலை செய்யிற சாமானுக்குத்தானே வைக்கிறம். சொல்லுங்கோ அவளுக்கு!"

"இதை நான் இங்கிலீசிலை எப்பிடியடி சொல்லுறது?" என்று சிரித்தீர்கள்.

கடிதம் வந்தது. அச்சுகள் பாவித்து முடிகிற பொருளாம். நீங்கள் கேட்டது பிழையாம். மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார் கணக்காளர். நானும் வந்து சாட்சி சொல்லுகிறேன் என்றேன்.

"இருக்க விட்ட நாடு, பிள்ளை. அவங்களோடை வழக்காடுறதோ?"

"சும்மாவோ இருக்கிறம்? விடிய அஞ்சு மணிக்கு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலை எல்லோ நிக்கிறம்!"

நீங்கள் கேட்கவில்லை. பிழை என்னுடையது என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தீர்கள். பிறகு கோயிலில் ஒருவர், "என்ன அண்ணை, வரிக்காரருக்குப் பொய்க்கணக்குக் குடுத்தனீங்களாம்?" என்று பகிடி விட்டபோதும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அவர் மகளின் கலியாணத்துக்கும் போகவில்லை.

நீங்கள் கண்மூடியபிறகு உங்கள் மகன் அச்சுகளைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுக்கப் பார்த்தான். சண்டை பிடித்து ஒன்றை வாங்கி வந்தேன். மருமகன் அதை என் முறுக்கு உரலுக்குப் பொருந்தக் கடைந்து தந்தார். அந்தப் பேத்தி இப்போது யூனிவர்சிட்டியில். போன கிழமையும் அதில்தான் அவளுக்குப் பிழிந்து அனுப்பினேன். தேய்ந்துதான் இருக்கிறது, அண்ணை. நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் முடிந்துபோகவில்லை. வரியைத் திருப்பிக் கேட்டபோது நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள், கேட்டது சரி. இதை அன்றைக்கு உரத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சற்று முன் மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, வேலையிடத்து ஆக்கள் சாப்பிட வருகினம். மேசையிலை இருக்கிறதை எடுத்துத் துடைச்சு வையுங்கோவன்."

அன்றைக்கு ஒருமுறை துடைத்தேன், உங்களுக்காக. இன்று அச்சு மேசையின் நடுவில்தான் இருக்கிறது, பொட்டோடு.