நாலுக்கு மூன்று புள்ளி ஒன்று

பீளமேடு,
14-2-1964

சிரஞ்சீவி பாலகோபாலுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே யாவரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை கண்ணு. நான் அந்தக் கார்டைப் போட்டு இருபத்தெட்டு நாளாகிறது. பதில் இல்லை. போன சனிக்கிழமை தந்தி கொடுத்தேன், அதற்கும் இல்லை. மில்லுக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் உன் காலேஜிலிருந்து எனக்கு ஒரு காகிதம் வந்தது. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அடியில் 3.1 என்று இருந்தது. நூற்றுக்கு மூன்று வாங்கியிருக்கிறாய் என்று நினைத்துப்போட்டேன். ஸ்காலர்ஷிப் வாங்கி வடக்கே அத்தனை தூரம் போனவன் மூன்று மார்க்கா என்று கண் மண் தெரியாத கோபம். யாரிடமாவது காட்டிக் கேட்க வெட்கம். அங்கேயே கிட, இனி என் முகத்தில் முழிக்காதே என்று எழுதினேன். அதையும் கவரில் வைக்காமல் கார்டில் எழுதினேன். உன் ஹாஸ்டலில் எத்தனை பேர் படித்தார்களோ.

போன வெள்ளிக்கிழமை அப்துல் வஹீது பாய் மில்லுக்கு வந்திருந்தார். விவசாயக் கல்லூரி ஆபீசில் கிளார்க்காக இருக்கிறாரே, அவர்தான். மனசு கேட்காமல் காகிதத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். ஏனுங்க, இது நாலுக்கு மூன்று புள்ளி ஒன்றுங்க, பையன் நன்றாகப் படித்திருக்கிறானுங்க என்றார். நம் பக்கம் நூற்றுக்கு இத்தனை என்று போடுகிறார்கள். ஒரு யுனிவர்சிட்டியில் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ், இன்னொன்றில் முப்பத்துமூன்றே போதும், வேறொன்றில் நாற்பது வேண்டுமாம். நீ படிக்கும் இடத்தில் மார்க்கே கிடையாது, அமெரிக்கா மாதிரி பாயிண்டுதான் என்றார். ஒரே தேசத்துக்குள் இத்தனை கணக்கு இருக்கும் என்று நான் கண்டேனா?

கண்டிருக்க வேண்டும். முப்பது வருசமாகப் பஞ்சுக்குத் தரம் போடுகிறவன் நான். திருப்பூர்ச் சந்தையில் முதல் தரம் என்று வருகிற கம்போடியாப் பஞ்சு எங்கள் மில் வாசலில் இரண்டாம் தரம். வெளியூர்த் தரச் சீட்டை நான் நம்பவே மாட்டேன். பேல் மூட்டையைக் கிழித்து, ஒரு பிடி எடுத்து, விரலில் இழை இழுத்துப் பார்க்காமல் ஒரு எழுத்து எழுதினதில்லை. பெற்ற பிள்ளைக்கு மட்டும் வெறும் சீட்டைப் பார்த்து எழுதிப்போட்டேன். தப்பு என்னுடையதுதான் கண்ணு.

உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பாலு ஏன் கடுதாசி போடவில்லை என்று தினம் கேட்கிறாள். மார்கழியில் நீ எழுதினதையே புதுசு மாதிரி வாசித்துக் காட்டினேன். குளிர் அதிகம் என்று அதில் எழுதியிருந்தாய். இன்னுமா அங்கே குளிர் என்று கேட்டாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உனக்காக ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறாள்.

மதுக்கரையில் ஒரு பையன் ரிசல்ட் வந்த அன்று வீட்டை விட்டுப் போனவன், ஆறு மாதமாகத் தகவலே இல்லையாம். நேற்று மில்லில் பேசிக்கொண்டார்கள். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். வரவில்லையே என்று ஒரு பயம், வேறு யார் கையெழுத்திலாவது வந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அப்புறம் ரயிலேறிவிடுவேன். எனக்கு இந்தி தெரியாது. உன் போட்டோவைக் காட்டித்தான் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அந்த நிலைக்கு என்னை விடாதே.

இதோடு நம் விலாசம் எழுதிய கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். கோபம் இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவுக்கு எழுது. வெறும் கார்டாக மட்டும் போட்டுவிடாதே, அதை யார் வேண்டுமானாலும் தபாலில் சேர்த்திருக்கலாம். உன் கையால் ஒரு கோடாவது இழு. அது உன் கோடுதானா என்று எனக்குத் தெரியும்.

பாஸோ பெயிலோ, நீ தீர்க்காயுசாக இரு சாமி.

உன் முகத்தில் முழிக்கக் காத்திருக்கும் அப்பா,
கோவிந்தராஜுலு