அழிக்காததற்கு ஒரு மன்னிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே கோயம்புத்தூரில் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? காவலூருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டீர்களா?

ஆபீஸில் இப்போது மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்துக் கம்ப்யூட்டரை வேலை வாங்கப் பழகுகிறேன். போன வாரம் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. கவலைப்படாதீர்கள். எங்கள் குழு ஒரு மாதமாகச் செய்த வேலை முழுதும் அழிந்துபோனது. எனக்குச் சொல்லித்தரும் தினகர், "மலையில இருந்து வந்த பொண்ணு, தெரியாம அழிச்சிருச்சு" என்றார். மேலாளர் சொன்னபடி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் பாடத்தில், அதுவரை அடித்த கட்டளைகளை வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்று வந்தது. என் திரையில் தேடினேன். அழிக்கும் கட்டளை அதில் இல்லை. மேலாளரை அழைத்து, தினகரின் கம்ப்யூட்டரிலும் பார்க்கச் சொன்னேன். அதில் இருந்தது.

"சரி விடும்மா, எல்லாத்தையும் திரும்ப எடுத்தாச்சுல்ல" என்றார் மேலாளர்.

"அப்போ நான் கேட்ட மன்னிப்புக்கு இன்னா சார் சொல்றீங்க?" என்றேன்.

நம் ஊர் 'இன்னா'வைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், தினகரும்தான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் சாமை அரிசியும் புளியும் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம், ஹாஸ்டல் அறையில் எல்லோரும் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் செய்யுங்கள். அப்போது நம் பேச்சிலேயே பேசுவேன்.

ஆபீஸ் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பூங்கோதை