எண்ணெயின் மேல் தள்ளிய மண்

இன்று காலை நம் வாசலில் சாக்கடை தோண்ட வந்த இயந்திரத்திலிருந்து எண்ணெய் சொட்டியது. டிரைவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார். காப்பியை வைத்துவிட்டு, சுவரில் மாலையோடு இருக்கும் உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். நீங்களும் அப்படித்தானே மூடினீர்கள், அந்த மாட்டுப் பொங்கலன்று.

உங்கள் பழைய டிராக்டரை ஊரே கேலி செய்த காலம். இரும்புச் சக்கரம், மண்ணெண்ணெய்ப் புகை. ஏறி உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களைத் திருச்சியில் ஏலம் விட்டபோது ஒரு பம்பும் இரண்டு பிஸ்டனும் வாங்கி வந்தீர்கள். எண்ணெயை அழுத்தியே பாரத்தைத் தூக்கலாம், ஏரி வண்டலை யாரும் தலையில் சுமக்க வேண்டாம் என்றீர்கள். ஜெயங்கொண்டத்தில் பெரிய இரும்புக் கூடை அடித்து வந்து வண்டியின் முன்னால் மாட்டினீர்கள். எண்ணெய் கசியாமலிருக்க, பிஸ்டனில் இற்றுப்போன ரப்பருக்குப் பதில் தோல் வளையம் வைத்தீர்கள். கூடை முதன்முதலாக எழும்பிய அன்று மீசையெல்லாம் எண்ணெயாகச் சிரித்தீர்கள். கிறுக்கு மனுஷன் என்று திட்டிக்கொண்டே நானும் சிரித்தேன்.

பொங்கலுக்குக் காளைகளோடு டிராக்டரையும் குளிப்பாட்டி, கூடையை உயரத் தூக்கி நிறுத்தி மாலை போட்டீர்கள். அடியில் எண்ணெய் சொட்டியதும், நீங்கள் மண்ணைத் தள்ளியதும் மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த என் கண்ணில் பட்டது. எண்ணெய் கசிந்தால் தூக்கிய கூடை தானாக இறங்கிவிடும் என்று அன்று எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அக்கா பேரப்பிள்ளையோடு வந்தார். "ஆனை வயித்துக்குக் கீழ நுழைஞ்சா புள்ளைக்குப் பயம் போயிடும்பாங்க. அதுக்காகக் கும்பகோணம் வரைக்கும் யாரு போறது? இதுவும் ஆனை கணக்காத்தான் நிக்குது தம்பி."

ஊர் பார்க்கிறது. உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்கென்னக்கா, வரச் சொல்லுங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராக அடியில் நுழைந்து ஓடினார்கள். நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். "ஏங்க, சோறு ஆறுது, வாங்க" என்று கூப்பிட்டேன். "இரு, வரேன்" என்றீர்கள், அசையவில்லை. கடைசியாக நம் கமலா போனாள். மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியை எடுக்க நடுவில் உட்கார்ந்துவிட்டாள். கூடை சத்தமே இல்லாமல் சரிந்து இறங்கியது. நீங்கள் பாய்ந்து தோளைக் கொடுத்தீர்கள். நான் அவளை வெளியே இழுத்தேன். உங்கள் வலக் கை அன்றோடு விழுந்துவிட்டது.

"பெத்த புள்ளைக்குக் கையைக் கொடுத்த மகராசன்" என்றது ஊர். கமலா இன்றும் அதைச் சொல்லித்தான் உங்கள் படத்துக்குப் பூ வைக்கிறாள். நான் வாய் திறப்பதில்லை. உங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய வருஷங்களிலும் திறக்கவில்லை. ஆனால் இன்று கேட்கிறேன். சாப்பிடக் கூப்பிட்டும் ஏன் நகரவில்லை? இறங்கிவிடும் என்று பயந்துதானே அவ்வளவு கிட்ட நின்றீர்கள்? தோளைக் கொடுக்க முடிந்த உங்களுக்கு, 'போதும், போங்க' என்று சொல்ல ஏன் முடியவில்லை?

இன்று அந்த இயந்திரத்தின் கை தூக்கியபடியே நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் அடியில் புகுந்து போனார்கள். நான் இறங்கிப் போய், "எறக்கி வைங்க தம்பி, புள்ளைங்க போற வழி" என்றேன்.

"சரிங்கம்மா" என்று உடனே இறக்கிவிட்டார். அவ்வளவுதாங்க. அவ்வளவு சுலபமாக இருந்தது.