கத்தரிக்கோலுக்கு ஒரு பிடி

அன்புள்ள அப்பாவுக்கு,

தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதம் வேறா என்று சிரிக்காதீர்கள். மன்னியுங்கள், சில விஷயங்கள் எனக்குப் பேச வரவில்லை. இருமல் குறைந்ததா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

கல்லூரி லேபில் நாங்கள் நாலு பேர், விரல் இழந்தவர்களுக்காகக் கத்தரிக்கோல் பிடி செய்கிறோம். எங்கள் விரல்களையே மடக்கி, ஒட்டும் டேப் சுற்றிக் கட்டி அளவெடுத்தோம். நேற்று சோதித்துப் பார்க்க வந்த தையல்கார அக்காவுக்கு இரண்டு விரல் கிடையாது. அவர் கையில் பிடி நிற்காமல் நழுவி விழுந்தது.

"ஏன் கண்ணுங்களா, மடக்கி வெச்ச விரலும் இல்லாத விரலும் ஒண்ணா? மடக்கினது உள்ளேயிருந்து முட்டுக் கொடுக்குமே!" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சுருக்கென்றது. மெஷினில் விரல் போன உங்கள் வலது கையைப் பிடித்து நடந்தவள், இது சரிவராது என்று டேப் சுற்றும்போதே சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் வாயைத் திறக்கவில்லை.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம், அம்மா வாசனை போய்விடும். அதோடு, பிடிக்கு அளவெடுக்க, உங்கள் வலது கையைத் தாளில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்புவீர்களா? வெளியாட்கள் முன்னால் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

லேப் திறந்துவிட்டார்கள், ஓடுகிறேன். இது யார் கை என்று கேட்பார்கள், அப்பா. என் அப்பாவுடையது என்று சொல்லட்டுமா?