ஞாயிறு வரை பிரிக்காத உறை

பிள்ளைப்பாக்கம்
10.03.2025

என் அன்பு ஷாரோனுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் நம் பிள்ளையும் சுகமா? அம்மா கைச் சோறு சாப்பிட்டு என்னை மறந்திருப்பாய்.

லெந்து தவக்காலம் முடியும்வரை போனைத் தொடுவதில்லை என்று பொருத்தனை பண்ணியது நீதான். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தோமே, இந்தப் பிள்ளைக்காக இதுகூடவா செய்ய மாட்டீர்கள் என்றாய். என் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டுக்காரம்மா சந்திரம்மாள், "இன்னா தாவீது, போன் பேசுற சத்தமே காணோம், பொண்டாட்டியோட சண்டையா?" என்று தினமும் கேட்கிறார். என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன். உன் கடிதம் எந்த நாளில் வந்தாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்துதான் பிரிப்பேன். இதுதான் எனக்கு உபவாசம். சோற்றை விடுவதுகூட இவ்வளவு கஷ்டமில்லை.

கம்பெனியில் நிரந்தரம் ஆக்கியவர்களின் பெயரை ஒட்டினார்கள். இந்த முறையும் என் பெயர் இல்லை. எனக்குப் பின்னால் வந்த பையன்களெல்லாம் நிரந்தரமாகிவிட்டார்கள், நான் மட்டும் கான்ட்ராக்ட். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. அவர் நம்மிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று தோன்றுகிறது.

பத்திரமாக இரு. மாடிப்படி ஏறாதே.

உன்
தாவீது

*

மதுராந்தகம்
14.03.2025

என் அன்புள்ள மாமாவுக்கு,

இயேசுவின் நாமத்தில் உங்கள் ஷாரோன் எழுதிக்கொள்வது. பிள்ளை நன்றாக உதைக்கிறது. உங்களை மாதிரியே ஒரு இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது.

ஞாயிறு வரை பிரிக்க மாட்டீர்களா? இதென்ன புதுக் கூத்து. நான் இங்கே தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் என் கடிதத்தை ஊறப் போடுகிறீர்கள். சரி, பண்ணிய பொருத்தனையை உடைக்க வேண்டாம்.

பெயர் வராததற்கு மனம் விட்டுவிடாதீர்கள். முதல் பிள்ளையின் அடக்கம் முடிந்து வந்த அன்று நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, "அவர் கை குறுகிப்போகலடி" என்று சொன்னது யார்? அன்று எனக்குச் சொன்னதை இன்று நான் உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன். புதுவருட ஆராதனையில் தட்டிலிருந்து நீங்கள் எடுத்த வாக்குத்தத்த அட்டை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கையின் வேலையை ஆசீர்வதிப்பதாகத்தானே வந்தது. அதை அலமாரியில் வைத்து என்ன பிரயோஜனம்? மெஷின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பார்க்கும்போதெல்லாம் தைரியம் வரும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஷாரோன்

*

பிள்ளைப்பாக்கம்
23.03.2025, ஞாயிறு

என் அன்பு ஷாரோனுக்கு,

ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உன் கடிதத்தைப் பிரித்தேன். போன ஞாயிறு மாலையே அட்டையை ஒட்டிவிட வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. திங்கட்கிழமை ஒட்டிவிட்டேன். நீயும் அதையே எழுதியிருக்கிறாய் என்று இன்று பார்த்ததும் புல்லரித்துப் போனேன். இது கர்த்தர் செயல்தான்.

எங்கே ஒட்டினேன் தெரியுமா? பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் தூண் உண்டு. கை உள்ளே இருந்தால் மெஷினை இறங்க விடாது. அது அடிக்கடி நின்று வேலையைக் கெடுக்கிறதென்று சூப்பர்வைசர் அண்ணாதுரை அணைத்துவிட்டார். "லாரி வெளிய நின்னுக்கினே கீது, இது உள்ள நின்னுக்கினே கீது. டார்கெட் எவன்பா குடுப்பான்?" என்றார். அந்த மெஷினில் நின்ற மாசானம், திருநெல்வேலிக்காரன், கையைக் கட்டிக்கொண்டான். "எனக்கு ரெண்டு கையும் வேணும், சார்" என்றான். அவனை யார்டில் சுமை தூக்கப் போட்டுவிட்டார்கள்.

யாரும் முன்வரவில்லை. நான் போய் நின்றேன். "என் கை கர்த்தர் கையில இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அண்ணாதுரை தட்டிக்கொடுத்து, அடுத்த முறை என் பெயரைச் சொல்வதாகச் சொன்னார். மாசானம் மட்டும், "நீரு விசுவாசி, நான் பயந்தாங்கொள்ளி. இருந்துட்டுப் போறேன். ஆனா அந்த மெஷினுக்கு வேதம் தெரியாது வே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தூணில்தான் அட்டையை ஒட்டியிருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்த இடத்தில் இப்போது வசனம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒருமுறை பெடலை மிதிக்காமலே பிரஸ் தானாக இறங்கியது. அப்போது என் கை வெளியே இருந்தது. பார்த்தாயா, எப்படிக் காத்தார் என்று. சபையில் இன்று சாட்சி சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

உன்
தாவீது

*

மதுராந்தகம்
26.03.2025

மாமாவுக்கு,

சற்று முன்தான் உங்கள் கடிதம் வந்தது. அந்த மெஷினை விட்டு விலகுங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கே.

தானாக இறங்கிய மெஷின் இன்னொரு தரம் இறங்காதா? அன்று உங்கள் கை வெளியே இருந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மறுநாளும் அதே இடத்தில் கையை நீட்டுவீர்களா? இதற்குப் பெயர் விசுவாசம் இல்லை. தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று ஆண்டவரிடமே சொன்னவன் சாத்தான்தானே? அவர் குதித்தாரா? உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

அட்டையை ஒட்டச் சொன்ன என்னை என்ன செய்வது. தைரியத்துக்காகச் சொன்னேன். அணைத்துப்போட்ட சென்சாருக்குப் பதிலாக ஒட்டுவீர்கள் என்று நினைத்தேனா? மாசானம் அண்ணனுக்கு இருக்கிற புத்தி நம் இரண்டு பேருக்கும் இல்லாமல் போயிற்று.

பொருத்தனை போனால் போகிறதென்று போனை எடுத்தேன். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. சந்திரம்மாளிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் தெருவெல்லாம் சொல்லி அது கம்பெனி வரைக்கும் போய்விடும், இருக்கிற வேலையும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. ஹேமந்த் அண்ணனை அனுப்பலாமென்றால் அவனும் ஊரில் இல்லை. அதனால் எழுதுகிறேன். உறையின் மேலேயே 'இன்றே பிரிக்கவும்' என்று பெரிதாக எழுதப்போகிறேன். கர்த்தர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரியுங்கள்.

நிரந்தரம் வேண்டாம். நீங்கள் முழுசாக வாருங்கள்.

ஷாரோன்

*

ஸ்ரீபெரும்புதூர்
13.04.2025, குருத்தோலை ஞாயிறு

என் ஷாரோனுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். நேற்று ஆரம்பித்தது. போனில் பேசச் சொல்லி நீ அழுவதாகச் சொன்னார்கள். உன் குரலைக் கேட்டால் பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான் பேசவில்லை.

விரலில் அடி என்று உன் அண்ணன் ஹேமந்த் உன்னிடம் சொல்லியிருக்கிறான். உன் நிலைமைக்குப் பயந்து அப்படிச் சொன்னான், அவனைத் திட்டாதே. விரல் இல்லை, ஷாரோன். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மார்ச் கடைசிச் சனிக்கிழமை, டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். பெடலில் என் கால் இல்லை. மாசானம் யார்டிலிருந்து ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் அவன்தான் எனக்குச் சோறு ஊட்டுகிறான். அப்போதே சொன்னேனே என்று இதுவரை ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. உறையின் மேல் நீ எழுதியதையும் பார்த்தேன். பிள்ளை விஷயமென்றால் ஹேமந்த் நேரில் வந்திருப்பான், இது பொருத்தனையை உடைக்க வந்த சோதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேதாகமத்தின் கீழே வைத்துவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போனேன். நான் சொல்லி மாசானம்தான் அதைத் தேடி எடுத்து வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். தன் பெயர் வந்ததும் கடிதத்தை என் இடது கையில் கொடுத்துவிட்டான், மீதியை நானே வாசித்தேன்.

அட்டையை நினைத்து உன்னை நீயே வதைக்காதே. உன் கடிதத்தைப் பிரிக்கும் முன்னாலேயே நான் அதை ஒட்டிவிட்டேன். என் பெருமையைத்தான் விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சபையார் வந்து, இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்றார்கள். அவர்மேல் இதைச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் நம்மிடம் பேசுவதில்லை என்று உனக்கு எழுதினேன் அல்லவா? பேசினார். ஞாயிறு வரட்டும் என்று நான்தான் காக்க வைத்தேன்.

இன்று காலை தெருவில் குருத்தோலை பவனி போகும் பாட்டுச் சத்தம் கேட்டது. பழக்கத்தில் ஜெபிக்கக் கை கூப்பினேன். இடது கை பாதி வழியில் நின்றுவிட்டது. அழுதேன். பிறகு அப்படியே ஜெபித்தேன், அவரை விட்டு நான் எங்கே போவேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வார்த்தை வந்தது. நீ முழுசாக வா என்றாயே, அதை நான் செய்யவில்லை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது உன்னிடமும் கேட்கிறேன்.

திட்டுவதென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. உறை வந்த நிமிஷமே பிரிப்பேன். ஒரு கையால் பிரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன்
தாவீது