நிலாவுக்குக் கீழே

மார்ச் 4, திங்கள்
எஸ் வரிசையில் இன்று வந்து மாட்டியது 'சப்லூனரி'. மண்ணுலகத்துக்குரிய என்று பொருள். ஆங்கிலக்காரர்களே மறந்துபோன சொல். எங்கள் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் இதை யார் வந்து தேடப்போகிறார்கள்? ஆனாலும் சரியான தமிழ்ச்சொல் எழுதாமல் அட்டையைத் திருப்பித் தரக் கூடாது. ஆபீஸ் சட்டம்.

மாலை ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. இங்க வேணாம்." இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, நான் கையெழுத்துப் போட்டால் இன்றே அனுப்பிவிடலாம் என்று டாக்டரும் சொல்கிறார். எஸ் வரிசை வியாழக்கிழமை முடிந்துவிடும், அதுவரை பொறுத்துக்கோங்க என்றேன். தலையாட்டினார். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் எல்லோரிடமும் மல்லுக்கட்டிய மெக்கானிக், என்னிடம் மட்டும் தலையாட்டுவார்.

மார்ச் 5
இகம்? லௌகிகம்? உலகியல்? எதிலும் நிலா இல்லையே! லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'லூனா' நிலா. அந்தக் காலத்தில் நிலாவைத்தான் எல்லையாக வைத்திருந்தார்களாம். அதற்கு மேலே எதுவும் மாறாது, கெடாது. கீழே இருப்பதெல்லாம் பிறக்கும், கெடும், அழியும்.

அவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "அப்போ மேல மெக்கானிக்குக்கு வேலையே இல்லையா? நான் அங்க போயி என்னத்தப் பண்றது?" சிரித்தார், இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும், "வியாழன்தானே?" என்றார்.

மார்ச் 6
நாத்தனார் போனில் வெடித்துவிட்டாள். "அந்தப் புக்கு எங்கயும் ஓடிப்போயிடாது அண்ணி. அண்ணன் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காரு." வேலை இருக்கு என்று வைத்துவிட்டேன்.

வேலையாவது, மண்ணாவது. இங்கேயும் எதுக்கு நடிக்கணும்? பயமா இருக்கு. எங்க ரூம்ல, எங்க கட்டில்ல, நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே — ஐயோ, என்னால முடியாது. ஆஸ்பத்திரின்னா கூப்பிட்டா யாராவது ஓடி வருவாங்க. வீட்டுல நான் மட்டும்தானே?

மார்ச் 7
'நிலவின் கீழுள்ள, மாறி அழியும் உலகுக்குரிய' என்று எழுதி அட்டையைக் கொடுத்தேன். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்து. ஆம்புலன்ஸில் வீடு.

ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "இந்தத் தாழ்ப்பாள் இன்னும் இப்படியேதான் இருக்கா? நாளைக்குப் பாக்கணும்." பக்கத்தில் படுத்துக்கொண்டேன். என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு டிப்போ கதையெல்லாம் சொன்னார். எனக்குப் பயமே வரவில்லை. இவ்வளவுதானா? இதுக்கா பயந்தேன்?

மார்ச் 8
காலை ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டார்.

மார்ச் 25
இன்றுதான் ஆபீஸ் போனேன். தலைமைப் பதிப்பாசிரியர் வந்து எதிரே உட்கார்ந்தார். துக்கம் கேட்கத் தெரியாத மனிதர். பிறகு அந்த அட்டையை எடுத்துக் காட்டினார்.

"எஸ் வரிசையிலயே இதுதாம்மா பிரமாதம். அவசரப்படாம எழுதியிருக்கீங்க. எத்தனை நாள் ஆச்சு இதுக்கு?"

மூன்று நாள் என்றேன்.